பயாஸ் கடவுச்சொல் எங்கே குடியிருக்கிறது?

கணினி நன்றாக ஓடும், விண்டோஸ் திறக்கும், இணையமும் கிடைக்கும். ஆனால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவலாம் என்று பென் டிரைவைச் செருகி, எதிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்ற பூட் வரிசையை மாற்றுவதற்காக எஃப்2 விசையை அழுத்தினால், கறுப்புத் திரையின் நடுவே ஒரு சிறிய கட்டம் வந்து கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிடும். அலுவலகங்கள் கழித்துவிடும் மடிக்கணினிகளை வாங்குபவர்களுக்கும் நன்கொடையாகப் பெறுபவர்களுக்கும் இது நன்கு பழகிய இடம். சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கப் போகும் நண்பர்களிடம், திரையையும் பேட்டரியையும் சோதிப்பதற்கு முன் கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் நுழைந்து பார்க்கும்படி நான் சொல்லி அனுப்புவது இதனால்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்ட நிலையில், வன்பொருளில் ஒரு குறையும் இல்லாத கணினிகள் அலுவலகங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வெளியேறுகின்றன. அவற்றில் லினக்ஸ் போட்டுப் பள்ளிகளுக்கும் ஊர் நூலகங்களுக்கும் கொடுக்கும் வேலையில் சில நண்பர்களுடன் நானும் ஈடுபட்டிருக்கிறேன். அந்த வேலையில் எங்களை அதிகம் தடுத்து நிறுத்தியது உடைந்த திரையோ செத்த பேட்டரியோ அல்ல, யாரோ என்றோ வைத்துவிட்டுப் போன இந்தக் கடவுச்சொல்தான்.

இப்படிப்பட்ட கணினியைக் கொண்டுவருபவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'இதை எப்படி எடுப்பது?' என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கணினியில் கடவுச்சொல் எங்கே குடியிருக்கிறது? பேட்டரியின் தயவில் நினைவை வைத்திருக்கும் சிறிய சிப்பிலா, மின்சாரமே இல்லாவிட்டாலும் மறக்காத தனிச் சிப்பிலா, பயாஸ் மென்பொருளே எழுதப்பட்டிருக்கும் ஃபிளாஷ் சிப்பிலா, அல்லது ஹார்டு டிஸ்க்கிலா? இதற்கு விடை தெரியாமல் எந்தக் காணொளியைப் பார்த்து எதைக் கழற்றினாலும் பாதி நேரம் வீண்முயற்சியாகவே முடியும், சில நேரம் இருப்பதும் கெட்டுப்போகும்.

கடவுச்சொற்களின் வகைகளையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். கணினியை இயக்கியவுடனேயே கேட்பது ஒன்று. அமைப்புகளை மாற்றப் போகும்போது மட்டும் கேட்பது, நிர்வாகிக்கான இன்னொன்று. மூன்றாவது, ஹார்டு டிஸ்க்குக்கு உரியது. அந்த மூன்றாவது, கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் இல்லை, வட்டுக்குள்ளேயே இருக்கிறது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அது கூடவே வரும். இக்கட்டுரை பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றியது.

இந்தப் பூட்டின் கதை 1984-இல் ஐபிஎம் வெளியிட்ட பிசி ஏடி கணினியிலிருந்து தொடங்குகிறது. 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் எவ்வளவு நினைவகம், எத்தனை ஃபிளாப்பி என்பதையெல்லாம் மதர்போர்டில் இருந்த குட்டிச் சுவிட்சுகளைத் தள்ளித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஏடியில் அந்த வேலையை மோட்டரோலாவின் எம்சி146818 என்ற கடிகாரச் சிப் ஏற்றுக்கொண்டது. அதில் மொத்தம் 64 பைட்டுகள். முதல் 14 பைட்டுகள் நேரத்துக்கும் சிப்பின் சொந்தக் கட்டுப்பாட்டுக்கும் போக, மீதி 50 பைட்டுகளில் கணினியின் அமைப்புகள் எழுதப்பட்டன. கணினியை அணைத்த பிறகும் ஒரு பேட்டரி அதை உயிரோடு வைத்திருந்தது. சிமாஸ் என்ற பெயர் அமைப்புப் பக்கத்துக்கே ஒட்டிக்கொண்டது அந்தச் சிப் செய்யப்பட்ட தொழில்நுட்பத்தால்தான். பின்னால் வந்த பயாஸ் நிறுவனங்கள் கடவுச்சொல்லையும் இதே பைட்டுகளுக்கு இடையில் வைத்தன. ஆகவே பேட்டரி போனால் நேரமும் போகும், கடவுச்சொல்லும் போகும்.

இன்றும் பெரும்பாலான மேசைக்கணினிகளில் வேலை செய்வது இந்த வழிதான் என்பதால் அதைச் சற்று நின்று பார்க்கலாம். மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, ஏனென்றால் கம்பி செருகியிருக்கும்வரை பவர் சப்ளை மதர்போர்டுக்கு ஐந்து வோல்ட்டைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும், கடிகாரச் சிப்புக்கு அது போதும். கம்பியைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் கெப்பாசிட்டர்களில் மிஞ்சியிருக்கும் மின்னூட்டம் வடிந்துவிடும், அப்போது மின்விசிறி ஒரு துளி நகர்ந்து நிற்பதைக் கூடப் பார்க்கலாம். பக்கத் தகட்டைக் கழற்றினால் பழைய நாலணா அளவில் பளபளக்கும் சிஆர்2032 பேட்டரி கண்ணில் படும். அதன் அருகிலேயே இரண்டோ மூன்றோ ஊசிகள் நிற்கும், பலகையில் சிறிய எழுத்தில் கிளியர் சிமாஸ் என்ற பொருளில் ஏதாவது அச்சிட்டிருக்கும். மூன்று ஊசி உள்ள பலகையில் முதல் இரண்டின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் தொப்பியைக் கழற்றி, இரண்டாவது, மூன்றாவது ஊசிகளின் மேல் பத்து நொடி வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே திருப்ப வேண்டும். இரண்டே ஊசி என்றால் ஒரு திருகாணிக் கருவியின் முனையால் இரண்டையும் ஒருசேரத் தொட்டால் போதும். தொப்பியை மறந்து தவறான இடத்தில் விட்டுவிட்டு 'மதர்போர்டு செத்துவிட்டது' என்று சொல்லி வந்த கணினிகளைப் பார்த்திருக்கிறேன். சில பலகைகள் அந்த நிலையில் இயங்கவே இயங்காது. ஊசிகளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பேட்டரியை வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்கலாம். அதற்குச் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம்வரை ஆகலாம்.

டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் மேசைக்கணினிகளில் பேட்டரியைக் கழற்றுவது வீண். அவற்றில் கடவுச்சொல்லுக்கென்றே தனி ஜம்பர், அதாவது தொப்பி மாட்டிய ஊசிகள், உண்டு. பாஸ்வேர்டு என்பதன் சுருக்கம் அதன் அருகே அச்சிட்டிருக்கும். அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை கணினியை இயக்கினால் கடவுச்சொல் அழிந்துவிடும், பிறகு தொப்பியைத் திரும்ப மாட்டலாம். கணினிப் பெட்டியைத் திறந்து உள்ளே கைவைக்க முடிகிறவரே அதன் பொறுப்பாளர் என்ற எண்ணத்தில் அமைந்த ஏற்பாடு இது. மேசைக்கணினிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்றே நினைக்கிறேன். பெட்டிக்கே பூட்டுப் போட்டுவிட்டால் உள்ளே இருக்கும் ஜம்பரும் பாதுகாப்பாகிவிடும்.

சிமாஸை அழித்தால் கடவுச்சொல் மட்டும் அழிவதில்லை, எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். நாளும் நேரமும் மாறுவதைச் சரிசெய்துவிடலாம். ஆனால் ஹார்டு டிஸ்க்கோடு கணினி பேசும் முறை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ, அங்கிருந்து இங்கோ மாறிவிட்டால், நேற்றுவரை ஓடிய விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடும். வட்டு கெட்டுவிட்டது என்று பலர் அந்த இடத்தில்தான் பயந்துபோகிறார்கள். பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியை மாற்றினால் விண்டோஸ் பழையபடி எழுந்துவிடும்.

1990-களின் கணினிகளுக்குப் பெட்டியைத் திறக்காமலே போகும் வழிகளும் இருந்தன. சிமாஸில் உள்ள பைட்டுகளைக் கூட்டி வைத்த செக்சம் ஒன்று அதே சிமாஸில் எழுதப்பட்டிருக்கும். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில் இருந்த டீபக் நிரலைத் திறந்து, பதினாறடிமான எண்முறையில் 70, 71 எனப்படும் வாயில்களின் வழியே அந்தச் செக்சத்தின் மேல் ஒரு தவறான எண்ணை எழுதிவிட்டால், அடுத்தமுறை இயங்கும்போது பயாஸ் தன் நினைவு கலைந்துவிட்டதாகக் கருதி எல்லாவற்றையும் இயல்புநிலைக்குக் கொண்டுபோய்விடும். அவார்டு, ஏஎம்ஐ, ஃபீனிக்ஸ் போன்ற பயாஸ் நிறுவனங்கள் தங்கள் மென்பொருளுக்குள் பொதுத் திறவுச்சொற்களையும் வைத்திருந்தன, அவற்றின் பட்டியல்கள் அன்றே கைமாறின. அவார்டு பயாஸ் கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் 16 பிட் எண்ணாகச் சுருக்கி வைத்தது. 16 பிட்டில் மொத்தமே 65,536 மதிப்புகள்தான் அடங்கும் என்பதால் வெவ்வேறு சொற்கள் ஒரே எண்ணாகச் சுருங்குவதைத் தவிர்க்க முடியாது. முன்பு வைத்தவருடைய சொல்லைக் கண்டுபிடிக்கவே தேவையில்லை, அதே எண்ணாகச் சுருங்கும் ஏதோ ஒரு சொல் கிடைத்தால் கதவு திறந்துவிடும். அந்தச் சொற்களைக் கணக்கிட்டுத் தரும் சிமாஸ்பிடபிள்யூடி என்ற சிறு நிரல் அப்போது சர்வீஸ் செய்பவர்களின் ஃபிளாப்பிகளில் தவறாமல் இருந்தது. இன்றைய கணினிகளில் இவை எதுவும் எடுபடாது என்றாலும், பழைய பெண்டியம் கணினி ஒன்றை மீட்க நினைப்பவருக்கு இன்னமும் பயன்படும்.

மடிக்கணினியில் நிலைமையே வேறு. தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள் என்பதால் அதைத் திருடுபவனுக்குப் பயனற்றதாக ஆக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் எண்ணினார்கள், அந்த எண்ணம் நியாயமானதுதான். ஐபிஎம்மின் திங்க்பேடு மடிக்கணினிகளில் இயக்கும்போது கேட்கும் கடவுச்சொல்லை பேட்டரிகளைக் கழற்றி அழித்துவிடலாம். ஆனால் நிர்வாகி கடவுச்சொல் மின்சாரம் இல்லாமலும் நினைவு வைத்திருக்கும் தனிச் சிப் ஒன்றில் இருந்தது. அதை மறந்துவிட்டால் மதர்போர்டையே மாற்ற வேண்டும், அதற்கும் வாங்கிய ரசீது வேண்டும் என்று பயனர் கையேடே சொல்லிவிடுகிறது. திங்க்பேடு லெனோவோவின் கைக்கு வந்த பிறகும் இந்த நிலைப்பாடு மாறவில்லை. பழைய மாதிரிகளில் அந்தச் சிப்பில் கம்பி ஒட்டி உள்ளடக்கத்தைப் படித்தால் கடவுச்சொல்லை எழுத்தாக இல்லாமல் விசைகளின் குறியெண்களாகக் காணலாம், அவற்றை ஒவ்வொன்றாக எழுத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். புதிய மாதிரிகளில் அதுவும் நடக்காது.

வேறு பல மடிக்கணினிகள் மூன்று முறை தவறாகத் தட்டியதும் ஓர் எண்ணைக் காட்டிவிட்டு நின்றுவிடும். உரிமையாளர் அந்த எண்ணைத் தயாரிப்பாளருக்குச் சொன்னால், அவர்கள் உரிமையைச் சரிபார்த்துத் திறவுச்சொல் தருவார்கள் என்பதே அதன் நோக்கம். டெல் கணினிகளில் ஒவ்வொரு கணினிக்கும் உரிய அடையாளமான சர்வீஸ் டேக் எண்ணுக்குப் பின்னால் ஒரு கோடிட்டு நான்கு எழுத்துகள் ஒட்டியிருக்கும். எந்தக் கணக்குமுறையில் திறவுச்சொல் உருவாகிறது என்பதை அந்த நான்கு எழுத்துகள் காட்டுகின்றன. பயாஸ் மென்பொருளைப் பிரித்துப் படித்த ஆர்வலர்கள் பழைய முறைகள் பலவற்றின் கணக்கைக் கண்டுபிடித்து வெளியிட்டுவிட்டார்கள், ஆகவே பழைய மாதிரிகளுக்கு அந்த எண்ணைக் கொடுத்துத் திறவுச்சொல் வாங்கித் தரும் இலவசக் கருவிகள் உண்டு. என்றாலும் கணினி உண்மையில் உங்களுடையது என்றால் டெல்லிடமே கேட்பது நல்லது. கணினியின் உரிமையை ஒருவர் பெயரிலிருந்து மற்றவர் பெயருக்கு மாற்றும் வசதி அவர்களுடைய தளத்தில் இருக்கிறது, அது பதிவான பிறகு ஆதரவு எண்ணில் பேசினால் வேலை எளிதாகிறது. ஆனால் சில அலுவலகங்கள் பயாஸிலேயே இந்தப் பொதுத் திறவுச்சொல் வழியை அடைத்து வைத்திருப்பார்கள், அங்கே தயாரிப்பாளராலும் சொல் தர முடியாது.

திருட்டைத் தடுப்பதற்கான பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேருந்தில் மடிக்கணினியைப் பறிகொடுத்த மாணவருக்கு அந்தப் பூட்டுதான் கொஞ்சம் ஆறுதல். ரசீது கேட்பதும் முறைதான், ரசீதும் ஒப்படைப்புக் கடிதமும் இல்லாத கணினியை நாங்கள் தொடுவதில்லை. என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. நேர்மையாக வாங்கியவர் தன் உரிமையைக் காட்டிய பிறகும் மதர்போர்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஒரு தயாரிப்பாளர் சொல்லும்போது, அந்தப் பலகையின் விலை கணினியின் விலையைத் தாண்டிவிடுகிறது. பத்தாண்டுகள் உழைக்கக்கூடிய பொருள் ஒரு சொல்லுக்காகக் குப்பைக்குப் போகிறது.

பழைய பயாஸின் இடத்துக்கு அதன் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ வந்த பிறகு அமைப்புகளின் இருப்பிடமும் மாறிவிட்டது. இன்றைய மடிக்கணினியில் பயாஸ் மென்பொருள், அதன் அமைப்புகள், பல மாதிரிகளில் கடவுச்சொல்லின் சுருக்கிய வடிவமான ஹாஷ் எல்லாமே எட்டுக் கால்கள் உள்ள ஓர் எஸ்பிஐ ஃபிளாஷ் சிப்பில் இருக்கின்றன, அதன் கொள்ளளவு பொதுவாக 8 அல்லது 16 மெகாபைட். பேட்டரியைக் கழற்றுவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. சர்வீஸ் கடைகளில் 'பயாஸ் ரீபுரோகிராம்' என்று சொல்வது இந்தச் சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் வேலையைத்தான். அதற்கு சிஹெச்341ஏ என்ற மலிவான புரோகிராமர் கருவியும், சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்விக்கொள்ளும் கிளிப் ஒன்றும் வேண்டும். சிப்பின் ஒரு மூலையில் ஊசிமுனையளவு பள்ளப் புள்ளி இருக்கும், கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்த மூலைக்கு வர வேண்டும். சிப் 3.3 வோல்ட்டில் இயங்குவதா 1.8 வோல்ட்டில் இயங்குவதா என்பதை அதன் மேல் அச்சிட்ட எண்ணை உருப்பெருக்கியால் படித்து முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும், 1.8 வோல்ட் சிப்புக்கு 3.3 கொடுத்தால் அது பிழைக்காமல் போகலாம். மடிக்கணினியின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஃபிளாஷ்ராம் போன்ற நிரலால் சிப்பை முழுவதுமாகப் படித்துக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். பிறகு கிளிப்பை எடுத்து மறுபடி மாட்டி இன்னொரு முறை படித்து, இரண்டு கோப்புகளும் பைட்டுக்குப் பைட்டு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை என்று பொருள், அந்த நிலையில் எழுதத் துணியவே கூடாது.

இணையத்தில் கிடைக்கும் அதே மாதிரியின் கோப்பை எடுத்து மேலே எழுதிவிடுவதுதான் கடைகளில் அதிகம் நடக்கிறது. அது எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சிப்பில் கணினியின் வரிசை எண், வலையட்டையின் மேக் முகவரி, விண்டோஸ் உரிமக் குறி ஆகியவையும் இருக்கக்கூடும். பிறருடைய கோப்பை எழுதினால் கணினி வேறொன்றின் அடையாளத்தோடு எழுந்திருக்கும், அல்லது அடையாளமே இல்லாமல் எழுந்திருக்கும். 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் செயலிகள் தொடங்கி பூட் கார்டு என்ற சரிபார்ப்பும் வந்துவிட்டது. அது இயக்கப்பட்ட கணினியில் பயாஸின் தொடக்கப் பகுதியில் கைவைத்தால், கையொப்பம் பொருந்தாமல் கணினி திறக்காது. கடவுச்சொல் இருக்கும் மாறிகளின் பகுதியை மட்டும் திருத்துவது கைதேர்ந்தவரின் வேலை. அப்படிப்பட்டவர் ஊரில் இருந்தால், அசல் கோப்பின் நகலை உங்களுக்கும் தரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போவதாக இருந்தாலும் வட்டில் வேண்டிய கோப்புகள் இருக்குமானால் வட்டை மறையாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பயாஸ் அமைப்பு மாறியதாக, பிட்லாக்கரின் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் உணர்ந்தால், அடுத்தமுறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் பயாஸ் திறந்தாலும் கோப்புகள் போனது போனதுதான். கடவுச்சொல்லைத் திறக்க வந்தவர் கோப்புகளை இழந்து திரும்புவதைப் போன்ற வேதனை வேறில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒன்று சொல்ல வேண்டும்: எங்கள் வேலையில் பல கணினிகளுக்குப் பயாஸுக்குள் நுழையவே தேவைப்படவில்லை. நோக்கம் லினக்ஸ் நிறுவுவது மட்டும் என்றால், முதலில் எஃப்12 போன்ற பூட் பட்டியல் விசை திறந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். விண்டோஸ் ஓடுகிறதென்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் வேறு சாதனத்திலிருந்து தொடங்கும் வசதி தெரிகிறதா என்று பார்க்கிறோம். கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தாலும் உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் தடையின்றி எழும், அவற்றின் தொடக்க நிரலில் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் இருக்கிறது. இரண்டும் அடைபட்டிருந்தால் வட்டைக் கழற்றி, அதே காலத்துக் கணினி ஒன்றில் மாட்டி, லினக்ஸை அங்கே நிறுவித் திரும்பக் கொண்டுவந்து மாட்டுகிறோம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. எந்தக் கோப்பிலிருந்து தொடங்குவது என்ற குறிப்பை லினக்ஸ் தான் நிறுவப்பட்ட கணினியின் ஃபிளாஷில் எழுதி வைக்கிறது, வட்டோடு அது வராது. ஆகவே வட்டில் தொடக்க நிரல்கள் இருக்கும் இஎஃப்ஐ பகிர்வில் பூட் என்ற கோப்புறைக்குள், பூட்எக்ஸ்64 என்ற பொதுப் பெயரிலும் தொடக்க நிரலின் நகல் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். அது இருந்தால் பூட்டிய கணினியும் தானாகவே அந்தக் கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும். பயாஸ் பூட்டியபடியே இருக்கும், நூலகத்தில் அதைப் பயன்படுத்தும் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் மெய்நிகராக்கத்தை இயக்குவது போன்ற அமைப்பு மாற்றம் வேண்டும் என்று வரும்போதுதான் கடவுச்சொல்லே தேவைப்படுகிறது. அதற்கு எங்களுக்கு மிக அதிகமாகக் கைகொடுத்த வழி திருகாணிக் கருவியோ கிளிப்போ அல்ல, கொடுத்த அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஒரு நிறுவனம் தந்த மடிக்கணினிகள் எல்லாமே பூட்டியபடி வந்தன. கொடுக்கல் வாங்கலைக் கவனித்த அதிகாரிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கணினிப் பிரிவில் இருந்த ஒருவரைப் பிடித்துப் பேசியபோது, 'அண்ணா, எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், மெயில் போட்டுடறேன், எடுத்துட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க' என்றார். வந்த சொல்லை அடித்தும் முதல் கணினி திறக்கவில்லை. அதில் இருந்த எண்களைப் பக்கவாட்டு எண்பலகையில் அடிக்காமல் எழுத்துகளுக்கு மேல் உள்ள வரிசையில் அடித்ததும் திறந்தது. சில பயாஸ்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதையே நினைவில் வைத்துக்கொள்கின்றன. சரியான சொல்லே மறுக்கப்படும்போது இந்த எண்பலகையையும், 'நம் லாக்', 'கேப்ஸ் லாக்' விசைகளையும் சந்தேகப்பட வேண்டும்.

அதன்பிறகு கணினி தருவதாகச் சொல்லும் எவரிடமும், வண்டி அனுப்புவதற்கு முன்பே பயாஸ் பூட்டை எடுத்துத் தரும்படி எழுதிக் கேட்டுவிடுகிறோம். அவர்களுக்கு அது பெரிய வேலையல்ல. கடவுச்சொல் தெரிந்தவரின் கையில் டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றுக்கும் விண்டோஸுக்குள்ளிருந்தே பயாஸ் அமைப்பை மாற்றும் கருவிகள் இருக்கின்றன, ஒரே ஸ்கிரிப்டில் அலுவலகத்தில் உள்ள எல்லாக் கணினிகளின் பூட்டையும் எடுத்துவிடலாம். ஆனால் வட்டுகளைத் துடைத்து, கணினிகளை அலுவலக வலையமைப்பிலிருந்து நீக்கிய பிறகு அதே வேலையை ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து கையால் செய்ய வேண்டியிருக்கும். கடவுச்சொல் தெரிந்த ஊழியர் வேலை மாறிப்போனாலோ, பழைய கணினிகளின் பதிவேட்டை அழித்துவிட்டாலோ அதுவும் முடியாது. ஆகவே கணினி கேட்டுக் கடிதம் எழுதுபவர்கள் நிர்வாக அலுவலரோடு கணினிப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்பி, வட்டுகளைத் துடைக்கும் தேதிக்கு முன்பே பூட்டை எடுத்துவிடும்படி அதில் எழுதிவிடுங்கள்.